வெறுங்கையோடு போன பெனிக்னா

ஹுவேயிலிருந்து டா நாங் போகும் ரயிலில் இடப்பக்கம்தான் உட்கார வேண்டும், கடல் அந்தப் பக்கம்தான் வரும். லாவோஸில் ஆற்றுப் படகு ஏறுகிறவர்கள் இன்ஜினுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தால் இரண்டு நாளைக்குக் காது அடைத்துக்கொள்ளும். மலேசியப் பேருந்தில் குளிர் எலும்பு வரைக்கும் இறங்கும், சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு ஏறுவது நல்லது. பிலிப்பைன்ஸின் சிகிஹோர் தீவில் விடுதி நடத்தும் பெனிக்னாவைக் கேட்டால் போதும், அடுப்பில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இதையெல்லாம் சொல்லிவிடுவாள். கேட்கிற பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார்கள். அவள் பக்கத்துத் தீவின் ஆஸ்பத்திரியைத் தாண்டி எங்கேயும் போனதில்லை என்பது அவர்களில் ஒருவருக்கும் தோன்றாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

கணவன் கிறிஸ்புலோ ஆறு மாதம் படுக்கையில் கிடந்து போன பிறகு, அவனுடைய படகை விற்றுக் கடற்கரையோரம் மூங்கிலில் ஆறு குடில்கள் கட்டினாள் பெனிக்னா. ஆயிற்று, இருபத்திரண்டு வருடம். முதலில் வந்தவன் ஒரு நெட்டைக்கொக்கு. கட்டிலுக்கு வெளியே அவன் கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன, கொசு அவன் பாதத்தில் விருந்து சாப்பிட்டது. அன்றிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருக்கிறார்கள் முதுகுப்பைக்காரர்கள். வாழைப்பழத்துக்குக் கடைசி வரை பேரம் பேசுவார்கள், பிறகு அதே வாழைப்பழத்தைக் குரங்குக்குக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். துவைக்காத துணியோடு ஆறு மாதம் சுற்றுவார்கள். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் ஊர் ஊராகக் கதை சொல்வார்கள், பெனிக்னா தட்டுக் கழுவுவதை மறந்து கேட்டுக்கொண்டிருப்பாள். சமையலறைச் சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப் போன வரைபடம் ஒன்று உண்டு. வந்தவர்களெல்லாம் அதில் பேனாவால் தங்கள் வழியைக் கோடு போட்டுப் போட்டு, பாங்காக் இருந்த இடத்தில் இப்போது ஓட்டைதான் இருக்கிறது. சிகிஹோர் அந்த வரைபடத்தில் இல்லவே இல்லை. ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் பாவப்பட்டு நீல மையில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

வருகிறவர்களிடம் பெனிக்னா தவறாமல் ஒன்று கேட்பாள். எதற்கு வந்தீர்கள்? எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். சும்மாதான்.

அந்த ஒரு சொல் அவளை என்னவோ செய்தது. அவள் ஊரில் சும்மா யாரும் கப்பலேறியதில்லை. வேலைக்குப் போவார்கள், வைத்தியத்துக்குப் போவார்கள், செத்தவர்களைக் கொண்டுவரப் போவார்கள். வீட்டுக்கு ஒருத்தியாவது சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ அடுத்தவர் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காரணமும் இல்லாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், ஒரே ஒரு தடவை தானும் போய்ப் பார்க்க வேண்டும் என்று பெனிக்னாவுக்கு ஆசை வந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று பல வருடம் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் மரைக்கேதான் அதைக் கிளறிவிட்டாள். மரைக்கே வருடா வருடம் வரும் டச்சுக்கார டீச்சர். அந்த வருடம் முழங்கால் தேய்ந்து நொண்டி நொண்டி வந்தாள், கிளம்பும்போது தன் பச்சை முதுகுப்பையைச் சமையலறை வாசலில் வைத்தாள்.

"இனிமே என்னால இதத் தூக்க முடியாது பெனிக்னா. நீ வச்சுக்கோ."

"நான் வச்சு என்ன பண்ணப் போறேன், உருளைக்கிழங்கு போட்டு வைக்கவா?"

"இருபது வருஷமா எங்களுக்கெல்லாம் வழி சொல்ற. அந்த வழி சரிதானான்னு ஒரு தடவை நீயே போய்ப் பாரேன்."

மரைக்கே போன பிறகு பெனிக்னா கதவைச் சாத்திக்கொண்டு பையை மாட்டிக் கண்ணாடி முன்னால் நின்றாள். ஐம்பத்துநான்கு வயது, பூப்போட்ட கவுன், முதுகில் பச்சை மூட்டை. ஆமை மாதிரி இருந்தது. அவளுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த மாதமே பாஸ்போர்ட் எடுத்தாள். சிங்கப்பூர் வரை விமானம், அங்கிருந்து பஸ்ஸும் ரயிலும் படகுமாக மலேசியா, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், அங்கிருந்து விமானத்தில் வீடு. முப்பது நாள். தம்பி மனைவி குடில்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். தங்க இடம் எதுவும் ஏற்பாடு செய்யவில்லை. அவள் வீட்டுக்கு வருகிற ஒருவனும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்ததில்லை, இறங்கிய இடத்தில் பார்த்துக்கொள்வதுதானே முறை?

இதுவரைக்கும் எல்லாம் சரி. விஷயம் கொன்சிங் காதுக்குப் போனதில்தான் வினை ஆரம்பித்தது. கொன்சிங் பக்கத்து வீட்டுக்காரி, வீட்டு முன்ஜன்னலிலேயே பெட்டிக்கடை நடத்துகிறவள். அவள் மகள் ஜொவெலின் பதினோரு வருடமாகச் சிங்கப்பூரில் வீட்டு வேலை.

"சிங்கப்பூருக்கா போற? ஏண்டி எங்கிட்ட சொல்லல? என் பொண்ணு அங்கதானே இருக்கா!"

"ஒரு நாள்தாண்டி அங்க. மறுநாள் பஸ் ஏறிடுவேன்."

"ஒரு நாள் போதுமே! கொஞ்சூண்டு கருவாடு. கைல எடுத்தா கனமே தெரியாது."

கொஞ்சூண்டு என்பது மூன்று கிலோ என்று மறுநாள் காலையில் தெரிந்தது. கப்பலேறுகிறவர்கள் கையில் பொட்டலம் கொடுத்துவிடுவது அந்த ஊரில் காலங்காலமாக நடப்பது, மறுப்பது என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. மாலைக்குள் மாதா கோயில் பாடகி தன் தங்கைக்கு மாங்காய் வற்றல் கொண்டுவந்தாள். வண்டிக்காரன் தன் மனைவிக்கு மூட்டுவலித் தைலம் கொடுத்தான். ஏழு பேருக்குப் பொட்டலங்கள் சேர்ந்தன. பெனிக்னா தன் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள், இரண்டு கவுன் மிஞ்சியது. அதற்கு மேலும் இடம் போதாமல் அட்டைப்பெட்டி ஒன்றை நீல நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பெரிய எழுத்தில் பெயர் எழுதினார்கள். ஏழு பேரின் பெயரும் முகவரியும் எழுதிய தாளைக் கொன்சிங் தானே மடித்து அவள் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தாள். தொலைந்துவிடக் கூடாதே என்ற அக்கறைதான்.

கப்பலேறி விமான நிலையம் போய்ச் சேர்ந்தாள். நிரப்ப வேண்டிய படிவத்தில் எங்கே தங்குவீர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விடக் கூடாதாம். பெனிக்னா யோசித்தாள், தாளைப் பிரித்தாள், ஜொவெலினின் முகவரியை எழுதினாள். சிங்கப்பூரில் அவளுக்குத் தெரிந்த முகவரி அது ஒன்றுதான்.

குடியேற்றக் கவுண்ட்டரில் இருந்த அதிகாரி ஜொவெலின் வயதுப் பெண்.

"எதுக்கும்மா போறீங்க?"

"சும்மாதான் கண்ணு."

"சும்மான்னா?"

"சுத்திப் பாக்க."

"தனியாவா? இந்த முகவரி யாரு வீடு?"

"கொன்சிங்கோட பொண்ணு வேலை செய்யற வீடு."

"என்ன வேலை?"

"வீட்டு வேலை."

அந்தப் பெண் பாஸ்போர்ட்டிலிருந்த தாளைப் பிரித்தாள். ஏழு பெயர்கள். "இவங்கெல்லாம்?"

"அவங்களும் வீட்டு வேலைதான். கருவாடு கொடுக்கணும்," என்றாள் பெனிக்னா. சொல்லும்போதே எங்கோ சறுக்குகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே ஒரு அறைக்கு அழைத்துப் போனார்கள். தலை நரைத்த அதிகாரி ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். "சுத்திப் பாக்கன்னு சொல்லிட்டு வேலைக்குத்தானே போறீங்க? உண்மையச் சொல்லிடுங்கம்மா, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"சத்தியமா இல்லீங்க. ஊர் பாக்கத்தான். எங்க வீட்டுக்கு வர்ற வெள்ளைக்காரப் பிள்ளைங்க ஒருத்தரும் எங்க தங்கப் போறேன்னு எழுதிட்டு வர்றதில்ல."

"அவங்க பாஸ்போர்ட் வேறம்மா."

பெனிக்னா மேஜைமேல் கிடந்த தன் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள்.

"போன மாசம் உங்க வயசுல ஒருத்தங்க இப்படித்தான் சுத்திப் பாக்கன்னு போனாங்க. யாரோ ஒரு வீட்டுல வச்சுப் பூட்டிட்டான். அவங்க பொண்ணு இங்க வந்து உக்காந்து அழுதுட்டுப் போறா. உங்கள அனுப்பிட்டு நான் நிம்மதியாத் தூங்க முடியாதும்மா," என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய விமானம் நின்றது, பிறகு நகர்ந்தது. பெட்டியை மட்டும் இறக்கிக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார்கள்.

ஊர் திரும்பியபோது கொன்சிங் ஓடிவந்து கட்டிக்கொண்டாள், மூக்கைச் சிந்தினாள், கையோடு பெட்டியைப் பிரித்துத் தன் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"நல்லவேள, கெட்டுப்போகல. விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

பெனிக்னா கையில் அகப்பட்ட கருவாட்டால் அவளை ஒரு வீசு வீசியிருக்கலாம். வீசவில்லை, வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த வாரம் வந்த ஒரு ஜெர்மன் பையன் ஹனோயிலிருந்து ஹுவேக்கு எப்படிப் போவது என்று கேட்டபோது, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, "எனக்குத் தெரியாது" என்றாள். அதற்கப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் அதே பதில்தான். மேஜையில் கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள். பச்சைப் பைக்குள் உண்மையிலேயே உருளைக்கிழங்கு விழுந்தது.

மழைக்காலம் முடியும் வரை இப்படியே போயிற்று. ஒருநாள் கிழங்கு எடுக்கப் பைக்குள் கைவிட்டபோது பக்க அறையில் ஒரு ரயில் டிக்கெட் அகப்பட்டது. மரைக்கேயினுடையது, எழுத்தெல்லாம் மங்கிப்போயிருந்தது. பெனிக்னா அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதாள், பிறகு கிழங்கையெல்லாம் கொட்டிவிட்டுப் பையைத் துவைத்துக் கயிற்றில் காயப்போட்டாள்.

இந்தத் தடவை விடுதி உரிமம், வங்கிக் கடிதம், ஊர் ஊராகத் தங்குமிடத்துக்கான ரசீது என்று காகிதமாகச் சேர்த்தாள். அதெல்லாம் சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கோயில் முற்றத்தில் நிற்கும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னாளே, அதுதான் கஷ்டம்.

"நான் மறுபடியும் போறேன். யாருக்கும் எதையும் எடுத்துட்டுப் போக மாட்டேன். யாரும் கொண்டு வராதீங்க."

ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள், கொன்சிங் விடவில்லை. கிளம்புகிற அன்று காலை படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கையில் பொட்டலம்.

"இது ஒண்ணு மட்டும்டி. கருவாடுதானே, கல்லா?"

"முடியாது கொன்சிங்."

"அந்தத் தாளெல்லாம் வேணாம். சும்மா துணிக்கு நடுவுல வச்சுக்கோ."

"முடியாதுடி."

"கிறிஸ்புலோ படுத்துக் கெடந்தப்ப ஆறு மாசம் கஞ்சி எடுத்துட்டு வந்தேனே, ஒரு நாளாவது முடியாதுன்னு சொல்லியிருப்பேனா?"

அந்தக் கஞ்சியின் சூடு பெனிக்னாவுக்கு இன்னும் கையில் இருந்தது. நன்றி கெட்டவள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள், பையைத் தோளில் ஏற்றினாள், கொன்சிங்கைத் தாண்டி நடந்தாள். பின்னால் கடை ஜன்னல் படாரென்று சாத்துகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது.

கவுண்ட்டரில் இந்தத் தடவை வேறொருவர்.

"எதுக்குப் போறீங்க?"

"ஊர் பாக்க."

காகிதங்களைப் புரட்டினார். பையைப் பார்த்தார். முத்திரை குத்தினார். அவ்வளவுதான். எட்டு மாதம் அவளைக் கிடத்திப்போட்ட விஷயம் தும்மல் போடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது.

சிங்கப்பூரில் யாரையும் பார்ப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் ஜொவெலினிடமிருந்து போனில் செய்தி வந்திருந்தது, 'அத்தை, அம்மா உங்களை ஒரு மணி நேரம் திட்டினாள், ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை, வாங்க' என்று. போனாள். பெரிய கடைத்தொகுதிக்குப் பின்னால் மரத்தடியில் அட்டைகளை விரித்து பிலிப்பைன்ஸ் பெண்கள் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை வாரினாள், ஒருத்தி போனில் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் திருத்தினாள். ஜொவெலின் எழுந்து ஓடிவந்தாள். பெனிக்னாவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"வெறுங்கையோட வந்துட்டேன்டி. உங்கம்மா கொடுத்தா. நான்தான் வாங்கல."

"அப்பாடா," என்றாள் ஜொவெலின்.

"என்னடி?"

"அந்த வீட்டுல கருவாடு வறுக்க முடியுமா அத்தை? முத வருஷம் ஒரு தடவை வறுத்தேன். முதலாளியம்மா மூணு நாள் ஜன்னலத் திறந்து வச்சாங்க, எங்கூடப் பேசவே இல்ல. அதுக்கப்புறம் பொட்டலத்தப் பிரிக்கறதே இல்ல. இங்க யாருக்காவது கொடுத்துடுவேன், அவங்க வேற யாருக்காவது கொடுப்பாங்க. யாராலயும் வறுக்க முடியாது." அவள் சிரித்தாள், பிறகு பெனிக்னாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. மொறுமொறுன்னு இருந்துச்சும்மான்னு பதினோரு வருஷமா சொல்லிட்டு இருக்கேன்."

பெனிக்னா தலையாட்டினாள். போன தடவை எந்தப் பெட்டியால் தன் விமானம் தவறிப்போயிற்றோ, அந்தப் பெட்டி கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

"சரி, நீங்க எதுக்கு வந்தீங்க? வேலை ஏதாவது பாக்கணுமா?"

"சும்மா வந்தேன்."

ஜொவெலின் திரும்பி மரத்தடி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "ஏய், எங்க ஊர் அத்தைடி! சும்மா வந்திருக்காங்களாம்!"

"சும்மாவா? வேலைக்கு அனுப்பின ஏஜென்ட் யாரு?" என்று ஒருத்தி கேட்க, மரத்தடியே சிரித்தது. ஆனாலும் ஒவ்வொருத்தியாக வந்து அந்தப் பச்சைப் பையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி மாட்டிப் பார்த்தாள், இரண்டடி நடந்தாள், கழற்றிக் கொடுத்தாள். மாலையில் பஸ் நிலையம் வரை ஏழெட்டுப் பேர் கூடவே வந்தார்கள். பஸ் கிளம்பும்போது ஜொவெலின் ஜன்னலைத் தட்டினாள். கண் கலங்கியிருந்தது. "பதினோரு வருஷத்துல யாரும் எந்தப் பொட்டலமும் இல்லாம என்னைப் பாக்க வந்ததில்ல அத்தை," என்றாள்.

அதற்குப் பிறகு பெனிக்னா போன இடங்களைச் சொன்னால் பொழுது போதாது. மலேசியப் பேருந்தில் குளிர் அவள் சொன்னதைவிட மோசம். ஒரு தாய்லாந்துத் தீவில், விடுதிக்காரி அவளைப் புதிதாக வேலைக்கு வந்தவள் என்று நினைத்துத் துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டாள், விஷயம் தெரிந்ததும் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், பிறகு பெனிக்னாவே கட்டிலில் மூட்டைப்பூச்சிக்கு என்ன செய்வது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். லாவோஸ் படகில் தாமதமாக ஏறி, இன்ஜினுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. ஹுவேயில் ரயிலேறி இடப்பக்கம் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் வெறும் வயலாக இருந்தது. இத்தனை வருடமும் எல்லோருக்கும் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று உள்ளே பதைத்தது. மலை ஏறித் திரும்பியதும் ஜன்னல் நிறையக் கடல் வந்தது. தன் வீட்டு வாசலில் இருக்கிற அதே கடல்தான். அவள் வாய்விட்டு அழுதாள், எதிரே இருந்த வியட்நாம்காரக் கிழவர் பயந்துபோய் அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

முப்பதாம் நாள் ஊர் வந்து இறங்கினாள். தம்பி மனைவியிடம் பையைக் கொடுத்துவிட்டு நேராகக் கொன்சிங் கடைக்குப் போனாள். ஜன்னல் பாதி திறந்திருந்தது.

கொன்சிங் நிமிராமல் சோப்புக்கட்டிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள், "பாத்தியா அவள?"

"பாத்தேன். நல்லா இருக்கா. கொஞ்சம் இளைச்சிருக்கா."

"வெறுங்கையோட போய் நின்னியே, கருவாடு எங்கன்னு கேட்டாளா?"

பெனிக்னா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அழுதுட்டா."

சோப்புக்கட்டி கீழே விழுந்தது. பிறகு கொன்சிங் பிடித்துக்கொண்டாள், ஒரு மாதம் அடக்கிவைத்திருந்தது மொத்தமும் வந்தது. கல்நெஞ்சுக்காரி, ஊர் சுத்தி, பிள்ளை பெறாதவளுக்குப் பெத்தவ வயிறு என்னடி தெரியும் என்றெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு பெனிக்னா வெயிலில் நின்றாள். ஒவ்வொரு சொல்லும் தைத்தது. கடைசிச் சொல் மிகவும் தைத்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் இதையெல்லாம் நிறுத்திவிடலாம் என்று தெரிந்தும் அவள் அதைச் சொல்லவில்லை.

கொன்சிங்குக்கு மூச்சு வாங்கியது. கவுன் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த தடவையாவது கொண்டு போவியா?"

"அடுத்த தடவை நீயே வா என்கூட."

"நானா? எதுக்கு?"

"சும்மா. உன் பொண்ணப் போய்ப் பாரு. பஸ் நிலையம் வரைக்கும் எங்கூட வந்தா தெரியுமா, கைய விடவே இல்ல."

"கடைய யாரு பாத்துக்கறது?"

"என் தம்பி பொண்டாட்டி பாத்துக்குவா."

"என்னப் போய் உள்ள விடுவானா? உன்னையே திருப்பி அனுப்பினான்."

"என்னென்ன காகிதம் வேணும்னு எனக்குத் தெரியும். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

கொன்சிங் குனிந்து விழுந்த சோப்பை எடுத்து ஊதித் துடைத்தாள். அடுக்கின்மேல் வைத்தாள், நேராக இல்லையென்று மறுபடி எடுத்து வைத்தாள். வாசலில் வெயில் தட்டில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், குரலை மிகவும் தாழ்த்திக் கேட்டாள்.

"கருவாடு மட்டும் எடுத்துட்டு வரலாம்ல?"

"ஒரே ஒரு பொட்டலம்," என்றாள் பெனிக்னா.